கலை அறிவியல் கல்லூரிகளில் தரவு அறிவியல் கல்வி

கலை அறிவியல் கல்லூரிகளில் தரவு அறிவியல் கல்வி என்பது கணிமை, புள்ளியியல் ஆகியவற்றைத் தமிழ், வரலாறு, பொருளியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பிற துறைகளின் பாடப்பொருளோடு இணைத்து இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையைக் குறிக்கும். ஒரு கேள்வியை எழுப்புதல், அதற்குரிய தரவைத் திரட்டுதல், சரிபார்த்தல், கணினியின் துணையுடன் பகுத்தல், கிடைத்த விடையின் எல்லைகளை அறிதல் ஆகியன இக்கல்வியின் படிநிலைகள் ஆகும். இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது. 1916 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஊராய்வில் இடம்பெற்று, பின்னர் 2008 வரை பலமுறை மீளாய்வு செய்யப்பட்ட இருவேல்பட்டு என்னும் ஊர் விழுப்புரம் மாவட்டத்திலேயே அமைந்துள்ளது.

பெயரும் வரையறையும்

ஒரே கல்லூரியில் மொழி, மானிடவியல், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றை ஒருங்கே பயிலும் கல்விமுறை மேலைநாடுகளில் தாராளக் கலைக் கல்வி எனப்படுகிறது. தமிழகத்தில் இதற்கு மிக நெருக்கமான அமைப்பு கலை அறிவியல் கல்லூரி ஆகும். எனினும் இரண்டிற்கும் முக்கிய வேறுபாடு உண்டு. தாராளக் கலைக் கல்லூரியில் மாணவர் பல துறைகளின் பாடங்களைப் பயின்ற பின்னரே முதன்மைப் பாடத்தைத் தெரிவு செய்வது வழக்கம். தமிழகக் கல்லூரியில் சேரும்போதே முதன்மைப் பாடம் உறுதி செய்யப்பட்டுவிடுகிறது. ஆகவே இங்கு துறையிடைக் கல்வி என்பது துணைப் பாடம், விருப்பப் பாடம், திறன் மேம்பாட்டுப் பாடம் ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் நடைபெற இயலும்.

தரவு அறிவியல் என்பது கணினி அறிவியலின் ஒரு பிரிவு மட்டும் அன்று. கணிமை, புள்ளியியல், ஆய்வுக்குரிய துறையின் அறிவு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமே தரவு அறிவியல் எனப் பொதுவாக வரையறுக்கப்படுகிறது. மூன்றாவது கூறான துறையறிவு கலை அறிவியல் கல்லூரியில் ஏற்கனவே உள்ளது என்பதே இக்கல்லூரிகளில் இதனைக் கற்பிப்பதற்கான அடிப்படை வாதமாகும்.

வரலாறு

உலக அளவில்

அமெரிக்கப் புள்ளியியலாளர் சான் டூக்கி 1962 இல் எழுதிய கட்டுரையில், தரவுப் பகுப்பாய்வைக் கணிதப் புள்ளியியலிலிருந்து வேறுபட்ட தனித் துறையாகக் கருத வேண்டும் என வாதிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் பீட்டர் நௌர் 1974 இல் தரவு அறிவியல் என்னும் சொல்லைக் கணினி நூலொன்றில் பயன்படுத்தினார். 2001 இல் வில்லியம் கிளீவ்லாந்து அதனை ஒரு கல்வித்துறையாக வளர்ப்பதற்கான திட்டத்தை முன்வைத்தார்.

இளநிலைக் கல்வியில் குறிப்பிடத்தக்க மாற்றம் 2015 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், முன்பு நிரலாக்கம் பயிலாத எத்துறை மாணவரும் சேரக்கூடிய அடிப்படைப் பாடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனுடன் வரலாறு, சூழலியல் போன்ற துறைகளின் ஆசிரியர்கள் நடத்தும் இணைப்புப் பாடங்களும் சேர்க்கப்பட்டன. இந்த அமைப்பு பின்னர் வேறு பல கல்லூரிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

தமிழ் ஆய்வில் முன்னோடி முயற்சிகள்

தரவு அறிவியல் என்னும் பெயர் பரவலாவதற்கு முன்பே, தமிழகம் தொடர்பான ஆய்வுகளில் கணினி பயன்படுத்தப்பட்டது. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளைக் கணினியின் துணையுடன் தொகுத்து உருவாக்கிய தொடரடைவு 1977 இல் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தால் வெளியிடப்பட்டது. சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் தொடரடைவை 1978 இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். பெயர்களும் பட்டங்களும் எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில், எத்தனை முறை வருகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதன் மூலம் நிலவுடைமை, நிருவாகம் ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களை அறிய இம்முறை வழிவகுத்தது. தமிழ், வரலாறு, புள்ளியியல், கணிமை ஆகியவை ஒரே ஆய்வில் இணைந்த சிறந்த எடுத்துக்காட்டாக இது விளங்குகிறது.

இருவேல்பட்டு ஆய்வுகள்

1915 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் சிலேட்டர், நூல்களிலிருந்து மட்டும் பொருளியலைக் கற்பிப்பது போதாது எனக் கருதினார். மாணவர்கள் தாம் அறிந்த ஊர்களுக்குச் சென்று நிலம், பயிர், கூலி, கடன், மக்கள் தொகை ஆகியன பற்றி விசாரித்து எழுதுமாறு 1916 இல் அவர்களுக்கு வினாப்பட்டியல் வழங்கினார். அவ்வாறு பெறப்பட்ட விவரங்கள் 1918 இல் சில தென்னிந்தியக் கிராமங்கள் என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. அதில் இடம்பெற்ற ஊர்களுள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டும் ஒன்று. தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகியன பிற ஊர்களுள் அடங்கும். இவை சிலேட்டர் கிராமங்கள் என அழைக்கப்படுகின்றன.

இவ்வூர்கள் பின்னர் மீண்டும் ஆராயப்பட்டன.

- 1930களில் பி. ஜே. தாமசு, கே. சி. இராமகிருட்டிணன் ஆகியோர் நடத்திய மீளாய்வு 1940 இல் நூலாக வெளிவந்தது.
- 1980களின் தொடக்கத்தில் எசு. குகன், சோன் மென்சர் ஆகியோர் இருவேல்பட்டை ஆராய்ந்தனர். இதன் முடிவுகள் 1983 இல் வெளியாயின.
- 2008 இல் சான் ஆரிசு, ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு 2010 இல் வெளியானது. ஜெயரஞ்சன் 2021 இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக்குழுவின் துணைத்தலைவராக நியமிக்கப்பட்டார்.

நிலக்கிழார்களின் ஆதிக்கம் மிகுந்த ஊராக இருந்த இருவேல்பட்டில், வேளாண்மைக்கு வெளியே வேலைவாய்ப்புகள் பெருகியதால் அவ்வாதிக்கம் முற்றிலும் மறையாவிட்டாலும் குறைந்துள்ளது என்றும், தலித் மக்கள் முன்பைவிடச் சார்பற்ற நிலையை அடைந்துள்ளனர் என்றும் 2008 ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

கற்பித்தலுக்கு இத்தொடர் ஆய்வு பல வகைகளில் பயன்படுகிறது. முதலாவதாக, ஒரே ஊரை வெவ்வேறு காலங்களில் ஒப்பிட வேண்டுமாயின் ஒரே வகையான கேள்விகள் கேட்கப்பட்டிருக்க வேண்டும். 1916 இல் கேட்கப்படாத கேள்விக்கு 2008 இல் மட்டும் விடை கிடைத்தால், மாற்றத்தை அளக்க இயலாது. இரண்டாவதாக, கூலி நெல்லாகக் கொடுக்கப்பட்ட காலத்தையும் பணமாகக் கொடுக்கப்பட்ட காலத்தையும் ஒப்பிட இரண்டையும் ஒரே அலகிற்கு மாற்ற வேண்டும். மூன்றாவதாக, கேட்பவர் யார் என்பது விடையைப் பாதிக்கும். நிலவுடைமையாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் கேள்விக்கும், சேரியில் அமர்ந்து கேட்கும் கேள்விக்கும் ஒரே கூலித் தொழிலாளி ஒரே விடையைத் தருவார் என எதிர்பார்க்க முடியாது.

விழுப்புரம், திண்டிவனம் கல்விச் சூழல்

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. இப்பகுதிக் கல்லூரிகள் 2002 இல் தோற்றுவிக்கப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தன. 2021 இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தனிப் பல்கலைக்கழகம் சட்டத்தின்வழி உருவாக்கப்பட்டு, அதே ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023 இல் இளநிலைப் படிப்புகளுக்கு மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடங்கள் ஆகியவற்றுடன் பிற துறை விருப்பப் பாடங்களும் திறன் மேம்பாட்டுப் பாடங்களும் இதில் இடம்பெறுகின்றன. வரலாற்று மாணவர் ஒருவர் விரிதாளையும், கணினி அறிவியல் மாணவர் ஒருவர் கல்வெட்டியலையும் கற்பதற்கு இப்பகுதிகளே வாயிலாக அமைகின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டமும் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளை வழங்குகிறது.

பள்ளி நிலையில், 2019-20 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த 12 ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் நிரல்மொழி இடம்பெற்றது. எனினும் இப்பாடம் அதனைத் தெரிவு செய்த மாணவர்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே கல்லூரி வகுப்பறையில் நிரலாக்கம் அறிந்தவரும் கணினியைத் தொட்டிராதவரும் அருகருகே அமர்ந்திருப்பர். இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டே பாடத்தை வடிவமைக்க வேண்டியுள்ளது.

இந்தியாவில் இத்துறையின் வேறு முயற்சிகளாக, சென்னைக் கணிதவியல் கழகம் 2018 இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பையும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 இல் இணையவழியில் தொடங்கிய இளநிலைப் படிப்பையும் குறிப்பிடலாம்.

வட்டாரத் தரவுகளின் வழிக் கற்பித்தல்

பாடநூல்களில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தரவுகளே எடுத்துக்காட்டாகத் தரப்படுகின்றன. மாணவர் அறிந்த இடத்தின் தரவைப் பயன்படுத்தும்போது, எண் தவறாக இருந்தால் அதனை அவரே கண்டறிய முடிகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இதற்கு ஏற்ற தரவுகள் பல உள்ளன.

மழையும் வெள்ளமும்

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் கரையைக் கடந்த பின்னும் நெடுநேரம் அதே பகுதியில் நிலைகொண்டதால், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1.6 இலட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரை ஊர்கள் பல வெள்ளத்தால் பாதிக்கப்பட்டன. இருவேல்பட்டும் அவற்றுள் ஒன்றாகும்.

இந்நிகழ்விலிருந்து பின்வரும் பாடங்களைக் கற்பிக்கலாம்.

- மழைநாள்: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை அளவு காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது. எனவே டிசம்பர் 1 என்று குறிக்கப்பட்ட மழையின் பெரும்பகுதி நவம்பர் 30 அன்று பெய்ததாக இருக்கலாம்.
- சராசரியும் இடைநிலை அளவும்: ஐந்து மழைமானிகளில் 50, 12, 10, 9, 9 செ.மீ. எனப் பதிவானதாகக் கொள்வோம். இவற்றின் சராசரி 18 செ.மீ.; இடைநிலை அளவு 10 செ.மீ. ஐந்தில் நான்கு இடங்களில் 18 செ.மீ. மழை பெய்யவே இல்லை. மாவட்டச் சராசரியை மட்டும் கொண்டு நிவாரணம் கணக்கிடப்பட்டால், 50 செ.மீ. பெய்த ஊரின் இழப்பு மறைந்துவிடும்.
- காலத்தாழ்வு: அணையில் நீர் திறக்கப்படும் நேரத்திற்கும் அது கீழுள்ள ஊரை அடையும் நேரத்திற்கும் இடையேயான இடைவெளியே எச்சரிக்கைக்குக் கிடைக்கும் காலம் ஆகும். இதனைக் கணிக்கப் புவியியலும் இயற்பியலும் கணிமையும் ஒருங்கே தேவைப்படுகின்றன. எச்சரிக்கை எந்த மொழியில், எந்த ஊடகத்தில் மக்களைச் சென்றடைகிறது என்பது சமூக அறிவியல் கேள்வியாகும்.

நிலக்கடலை ஆய்வு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் அமைந்துள்ளது. டிஎம்வி 2, டிஎம்வி 7 முதலிய நிலக்கடலை இரகங்களின் பெயரிலுள்ள டிஎம்வி என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் சுருக்கமாகும். இரகங்களை ஒப்பிடும் வயல் சோதனைகளில் சமவாய்ப்புத் தொகுதி வடிவமைப்பு பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. இதனை இங்கிலாந்தின் ரோதாம்சுட்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு பிசர் 1920களில் உருவாக்கினார்.

வயலின் ஒரு மூலை ஈரப்பதம் மிக்கதாகவும் மறுமூலை சரளை மண்ணாகவும் இருக்கலாம். ஒரு புதிய இரகத்தை ஈரமான மூலையில் மட்டும் விதைத்தால், விளைச்சல் மிகுந்ததற்குக் காரணம் இரகமா, மண்ணா என்று பிரித்தறிய இயலாது. எனவே வயல் ஒத்த தன்மையுள்ள தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா இரகங்களும் சமவாய்ப்பு முறையில் இடம் ஒதுக்கப்பட்டு விதைக்கப்படுகின்றன. உழவர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். மருந்துச் சோதனைகளிலும் இணையத்தள வடிவமைப்புச் சோதனைகளிலும் இதே சமவாய்ப்புத் தத்துவமே கையாளப்படுகிறது.

மொழியும் எழுத்தும்

தமிழ்த் துறைக்கும் கணினித் துறைக்கும் இடையேயான இயல்பான சந்திப்பு எழுத்தைக் கணக்கிடுவதாகும். தமிழ் என்னும் சொல்லில் இலக்கணப்படி மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அச்சொல் ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை வரும். எழுத்து, அசை, சீர் ஆகியவற்றை எண்ண விரும்பும் மாணவர் முதலில் எழுத்து என்றால் என்ன என்பதை நிரலுக்கு வரையறுத்துக் கூற வேண்டும். இதனை இலக்கணம் அறிந்தவரே சரியாகச் செய்ய இயலும்.

பழைய குறியீட்டு முறைகளில் உள்ள ஆவணங்கள் மற்றொரு சிக்கலாகும். 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துரு 16 பிட் குறியீட்டையும் ஏற்கும் முன்னர், பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் அலுவலகங்களில் குவிந்திருந்தன. அவற்றை மாற்றும்போது எழுத்துகள் சிதைவதும் உண்டு.

இடப்பெயர்களும் இவ்வாறே. 2020 சூன் மாதத்தில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது. விழுப்புரத்தின் பெயரே ஆங்கிலத் தரவுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் காணப்படுகிறது. இரண்டு அட்டவணைகளை ஊர்ப்பெயரால் இணைக்கும்போது, எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் ஓர் ஊர் முழுவதும் விடுபட்டுப் போகும். ஆட்பெயர்களின் முன்னெழுத்துகளும் இதே சிக்கலை ஏற்படுத்துகின்றன.

மாறும் எல்லைகள்

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019 நவம்பரில் அதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,873 ஆகும். ஆனால் இது இன்றைய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய எண். இதனை அறியாமல் அண்மைய எண்களோடு ஒப்பிடுபவர் மாவட்ட மக்கள்தொகை திடீரெனக் குறைந்துவிட்டதாக முடிவு செய்யக்கூடும். 2021 இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டு, 2027 மார்ச் 1 அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டதால், 2011 ஆம் ஆண்டின் எண்களே நீண்டகாலம் அடிப்படையாக இருந்து வருகின்றன.

கழுவேலி

வானூர், மரக்காணம் வட்டங்களில் பரவியுள்ள கழுவேலி சதுப்புநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளை எண்ணும்போது, காணப்படாத பறவையும் இல்லாத பறவையும் ஒன்றல்ல என்பதை விலங்கியல் மாணவர்கள் உணர்கின்றனர். அதிகம் பேர் சென்று பார்த்த இடத்தில் அதிக இனங்கள் பதிவாகும். எனவே எண்ணிக்கையுடன் எத்தனை மணிநேரம், எத்தனை பேர் பார்த்தனர் என்பதும் பதிவு செய்யப்பட வேண்டும்.

பயிற்றுமொழி

அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்கள் பெருமளவில் பயில்கின்றனர். நிரல்மொழிகளின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆயினும் ஒரு முடிவு ஏன் நம்பத்தக்கது, எப்போது நம்பத்தகாதது என்னும் விவாதம் மாணவரின் தாய்மொழியில் நடைபெறும்போதே அவர் தயக்கமின்றிப் பங்கேற்கிறார். தரவு, விரிதாள், நிரல், மாறி, சராசரி, நிகழ்தகவு, மாதிரி போன்ற சொற்கள் தமிழில் நிலைபெற்றுவிட்டன. அதேவேளை, உயர்கல்விக்கும் வேலைவாய்ப்பிற்கும் ஆங்கிலக் கலைச்சொற்கள் தேவைப்படுவதால் இரண்டையும் ஒருங்கே கற்பிக்க வேண்டும் என்ற கருத்தும் நிலவுகிறது.

தனியுரிமையும் அறமும்

2017 ஆகத்து 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. ஊராய்வுக்குச் செல்லும் மாணவர்கள் ஒப்புதல் பெற்றே கேள்வி கேட்க வேண்டும் என்பதும், பெயர்களை நீக்கிய பின்னரே தரவைப் பகிர வேண்டும் என்பதும் இக்கல்வியின் பகுதியாகும். சிறிய ஊரில் பெயரை நீக்குவது மட்டும் போதாது. சாதி, தொழில், வயது, நில அளவு ஆகிய நான்கும் தெரிந்தால் அந்நபர் யாரென ஊரார் அனைவருக்கும் தெரிந்துவிடும். கடன் விவரமோ நோய் விவரமோ வெளியானால் அதன் விளைவை அனுபவிப்பவர் மாணவரோ ஆசிரியரோ அல்லர், விடையளித்தவரே ஆவார்.

விமர்சனங்கள்

தரவு அறிவியல் கல்வி குறித்துப் பல விமர்சனங்கள் முன்வைக்கப்படுகின்றன.

- மென்பொருள் கருவிகளை இயக்கும் பயிற்சியாக மட்டும் இது சுருங்கிவிட்டால், கருவி மாறும்போது கற்றதும் பயனற்றுப் போகும்.
- புள்ளியியல், கணினி ஆகிய துறைகளின் ஆசிரியர்கள் பிற துறைகளுக்கும் பாடம் எடுக்கும்போது பணிச்சுமை மிகுகிறது. இரு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பைச் சேர்ந்து நடத்துவதற்குப் பணிநேரக் கணக்கீட்டு முறை இடமளிப்பதில்லை.
- ஒரே கேள்வித்தாளைக் கொண்ட எழுத்துத் தேர்வு, ஊராய்வு போன்ற செயல்வழிக் கற்றலை மதிப்பிட ஏற்றதன்று.
- எண்ணில் அடங்காதவற்றை மானிடவியல் துறைகள் புறக்கணிக்கும் நிலை உருவாகலாம்.

இதற்கு மறுமொழியாக, எதனை எண்ண முடியாது என்பதை அறிவதும் இக்கல்வியின் நோக்கமே எனக் கூறப்படுகிறது. இருவேல்பட்டில் கூலியின் உயர்வை அட்டவணையில் காட்டலாம். ஆனால் கூலி கேட்கும் ஒருவர் எதிரில் நின்று பேசத் தொடங்கிய மாற்றத்தை அறிய, அவ்வூரில் பலரிடம் பொறுமையாக உரையாட வேண்டியுள்ளது. அட்டவணை தயாரிப்பவரும் உரையாடல்களைப் பதிவு செய்பவரும் ஒரே கல்லூரியில் பயில்வது கலை அறிவியல் கல்லூரியின் தனிச்சிறப்பாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- விழுப்புரம் மாவட்டம்
- திண்டிவனம்
- சிலேட்டர் கிராமங்கள்
- தமிழ்க் கணிமை
- புள்ளியியல்
- தென்பெண்ணை ஆறு